எதிரியின் நற்குணத்தையும் எழுதிய ஹெரோடோட்டஸ்

சரித்திரத்தின் தந்தை என்று பெயர் பெற்றவர் ஹெரோடோட்டஸ். அவர் ஒரு கிரேக்கர். கி.மு. 484-ம் ஆண்டு வாக்கில் ஹாலிகார்னாசஸ் என்ற ஊரில் பிறந்தார். துருக்கியில் உள்ள போட்ரம் நகரமே அந்த ஊர்.

அப்போது அந்த ஊரைப் பாரசீகர் ஆண்டனர். கி.மு. 480-ல் சலாமிஸ் கடலில் கிரேக்கருக்கும் பாரசீகருக்கும் பெரும் போர் மூண்டது. ஹாலிகார்னாசஸ் கப்பல்கள் பாரசீகர் பக்கம் நின்றன. ஆனால் வெற்றி கிரேக்கருக்கே கிடைத்தது.

வெற்றியோடு கர்வமும் வளர்ந்தது. பாரசீகர் அநாகரிகர், அடிமைகள் என்று கிரேக்கர் இகழ்ந்தனர்.

ஹெரோடோட்டஸ் அப்படி இகழவில்லை. பல தேசங்களுக்குப் பயணம் செய்தார். கண்டதையும் கேட்டதையும் எழுதினார்.

பாரசீகர் தங்கள் பிள்ளைகளுக்கு 5 வயது முதல் 20 வயது வரை மூன்று பாடங்களைக் கற்பித்தார்களாம். குதிரை ஏற்றம், வில் வித்தை, உண்மை பேசுதல். எதிரிகளைப் பற்றி அவர் எழுதியது இது!

குறையையும் அவர் மறைக்கவில்லை. பாரசீகர் தங்களையே உலகில் சிறந்தவர்களாக எண்ணினர். தூரம் கூடக்கூட மற்றவர்களுக்குத் தந்த மதிப்பும் குறைந்தது.

எகிப்தில் வேறு விதம். பசு அங்கே புனிதமானது. கிரேக்கரோ பசு இறைச்சி உண்பவர்கள். ஆகவே கிரேக்கரின் கத்தியையும் சட்டியையும் எகிப்தியர் உபயோகிக்க மாட்டார்கள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே!

பாரசீக மன்னர் டேரியஸ் பற்றி அவர் ஒரு கதை சொல்கிறார். இறந்த தந்தையின் உடலைத் தின்ன என்ன விலை வேண்டும் என்று மன்னர் கிரேக்கரைக் கேட்டார். எவ்வளவு கொடுத்தாலும் முடியாது என்றனர். பெற்றோர் உடலைத் தின்னும் வழக்கமுள்ள கல்லாத்தியர் என்ற இந்தியக் கூட்டத்தாரை அழைத்தார். உடலை எரிக்க என்ன விலை என்று கேட்டார். அவர்கள் பதறிப்போய், அந்தப் பேச்சே வேண்டாம் என்று அலறினார்கள்.

அவரவர் வழக்கம் அவரவருக்கு உயர்வு. ஆகவே பிறர் வழக்கத்தைப் பரிகசிப்பவன் பைத்தியக்காரன் என்பது ஹெரோடோட்டஸின் முடிவு.

அவரும் தவறியது உண்டு. இந்தியாவில் நாயைவிடச் சற்றே சிறிய எறும்புகள் பொன் மணலைத் தோண்டுவதாகக் கேட்டதை எழுதிவிட்டார்!

கி.மு. 425-ம் ஆண்டு வாக்கில் அவர் காலமானார். சுமார் 500 ஆண்டுகளுக்குப் பின், அந்நியருக்கு வேண்டியவர் என்று புளூட்டார்க் என்ற கிரேக்க எழுத்தாளர் அவரைச் சாடினார்.

ஆயினும் பழைய பாரசீகத்தை அறிய விரும்புவோர் இன்றும் நாடுவது, அந்தக் கிரேக்கரின் நூலைத்தான்.