தமிழில் டாக்டருக்குப் படிக்க முடியுமா? 160 வருஷத்துக்கு முன்பே நடத்திக் காட்டியவர்... யார் இந்த டாக்டர் கிரீன்?

எப்போதும்வென்றான் பக்கம் கரிசல்காட்டு கிராமம் ஒன்றில், அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ வரை தமிழில் உயிரியல் படித்த பிள்ளை, 7.5 சதவீத உள் இடஒதுக்கீட்டில் மெடிக்கல் காலேஜுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே பாடம் இங்கிலீஷுக்கு மாறிவிடும். இதயம் தெரியும், நரம்பு தெரியும். ஆனா வகுப்பில் பேசுவது பிடிபடாது. இங்கே மாற வேண்டியது மாணவரா, பாடமா?

பாடம்தான் மாறணும் என்று முடிவெடுத்து, அதைச் செய்தும் காட்டியவர் ஓர் அமெரிக்கர். பெயர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்.

யாழ்ப்பாணத்தில் என்ன செய்தார்?

1822-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டரில் பிறந்தவர். நியூயார்க்கில் மருத்துவம் முடித்து, அமெரிக்க மிஷன் மூலமாக 1847-ல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டை, அடுத்து மானிப்பாய். மதப் பிரசாரமும் அவர் வேலைதான், அதை மறைப்பதற்கில்லை. ஆனா ஒரே ஒரு டாக்டரால் இத்தனை ஊர்களைப் பார்க்க முடியாது என்பது அவருக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. 1848-லேயே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

முதலில் நடந்தது இங்கிலீஷ் வகுப்புதான். அதில்தான் சிக்கல். இங்கிலீஷில் படித்து முடித்தவர்களை அரசு வேலையும் வெளியூர்ச் சம்பளமும் இழுத்தன. கிராமத்து நோயாளி அதே இடத்தில்தான் கிடந்தார். இங்கிலீஷ் தெரியாத கெட்டிக்காரப் பையனுக்கோ வகுப்பின் கதவே திறக்கவில்லை. 1860-களில் கிரீன் துணிந்து தமிழ்வழிக்கு மாறினார். அவரிடம் படித்தவர்கள் 60-க்கும் மேல். அதில் ஏறக்குறைய பாதிப்பேர் தமிழில் படித்து டாக்டர் ஆனவர்கள்.

இன்னொன்றிலும் பிடிவாதக்காரர். மேல்நாட்டு மருத்துவம் படித்ததற்காக மேல்நாட்டு உடைக்கும் பழக்கத்துக்கும் மாணவர்கள் மாறுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஊர்க்காரராகவே இருக்கும் டாக்டரிடம்தான் ஊர் தயங்காமல் வரும் என்பது அவர் கணக்கு. மிஷனரிகளில் இப்படி யோசித்தவர்கள் குறைவு.

புத்தகத்துக்கு எங்கே போனார்?

தமிழில் பாடப்புத்தகமே இல்லை. அதனால் தானே தமிழ் கற்று, மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார். கட்டரின் உடலியல் நூல் 1852-லேயே தமிழில் வந்துவிட்டது. பிறகு மகப்பேறு, அறுவைசிகிச்சை, உடற்கூறு, மருந்துகள் என்று ஒவ்வொன்றாக, 4,000 பக்கங்களுக்கு மேல்.

கலைச்சொல்லுக்கு அவர் வைத்திருந்த வழி எளிமையானது. முதலில் தமிழில் தேடு. கிடைக்கலையா, சமஸ்கிருதத்தில் பார். அங்கேயும் இல்லையா, இங்கிலீஷ் சொல்லையே தமிழ் நாக்குக்கு ஏற்றபடி திருப்பு. 1875-ல் வந்த வேதியியல் நூலின் பெயர் ‘கெமிஸ்தம்’. கெமிஸ்ட்ரிக்குத் தமிழ் வால் ஒட்டியிருக்கிறார்! உடற்கூறுக்கு அவர் எடுத்த ‘அங்காதிபாதம்’ மாதிரி சில சொற்கள் இன்றைய வாசகருக்குக் கஷ்டம்தான். ஆனா அவற்றை வைத்துத்தான் அந்த மாணவர்கள் படித்து, ஆபரேஷனும் செய்தார்கள்.

எப்போதும்வென்றானுக்குப் பக்கத்து ஊரான எட்டயபுரத்தில் 1882-ல் பாரதி பிறந்தார். மேற்கில் வளரும் புதிய கலைகளைச் சொல்லத் தமிழுக்குத் திறமில்லை என்று யாரோ பேசியதைக் கேட்டுப் பின்னாளில் பாட்டில் குமுறினார். அவர் பிறக்கும் முன்பே, கடலுக்கு அந்தப் பக்கம் கெமிஸ்தம் அச்சாகி ஏழு வருஷம் ஆகியிருந்தது.

பிறகு என்ன ஆனது?

உடல்நிலை ஒத்துழைக்காமல் 1873-ல் கிரீன் அமெரிக்கா திரும்பினார். அங்கே இருந்தும் தமிழ் நூல்களைத் திருத்துவதை விடவில்லை. 1884-ல் இறந்தார். தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவர் ஆசை, அப்படியே பொறித்தார்கள். மானிப்பாயில் கிரீன் நினைவு ஆஸ்பத்திரி இன்றும் இருக்கிறது. ஆனா அவர் தொடங்கிய தமிழ்வழி மருத்துவப் படிப்பு நீடிக்கவில்லை.

இங்கே தமிழ்நாடு பாடநூல் கழகம் 2023-ல் மருத்துவப் பாடநூல்கள் சிலவற்றைத் தமிழில் கொண்டுவந்தது. அதில் ஒன்று கிரேயின் உடற்கூறியல். கிரே உள்ளிட்டோரின் நூல்களை வைத்து கிரீன் தமிழில் தந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ வெளிவந்த வருஷம் 1872.