கண்டியின் சித்திலெப்பை நானா

1996இல் நாங்கள் கண்டிக்கு வந்து சேர்ந்தபோது அறை தந்தது கட்டுகஸ்தோட்டையில் ஒரு முஸ்லிம் குடும்பம். வலிகாமத்தில் இருந்து வெளிக்கிட்டு, தென்மராட்சி, வன்னி என்று அலைந்து வந்திருந்தோம். யாழ்ப்பாண அடையாள அட்டையைக் கண்டதும் கதவைச் சாத்தியவர்கள் பலர். இந்த வீட்டில் பிள்ளைகள் ஏழு பேர். மூத்தவரை மற்ற ஆறு பேரும் நானா என்று கூப்பிடுவார்கள். சில வாரங்களில் நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கினேன்.

கடைசிப் பையன் படித்தது சித்திலெப்பையின் பெயரில் உள்ள பாடசாலையில். ஒருநாள் அவன் புத்தகத்தோடு வந்து, சித்திலெப்பை யார் என்று என்னிடம் கேட்டான். பதினொரு வருடம் தமிழ் படிப்பித்த வாத்தியார் நான். எனக்குத் தெரியவில்லை. நானாதான் திண்ணையில் இருந்து சொல்லித் தந்தார். பிறகு நானே தேடி வாசித்தேன்.

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838 ஜூன் 11இல் கண்டியில் பிறந்தவர். தகப்பனார் இலங்கை முஸ்லிம்களில் முதல் சட்டத்தரணி. மகனும் சட்டம் படித்து, 1860களில் கண்டி நீதிமன்றத்தில் தொழில் பார்த்தார். நல்ல வருமானம், நகரத்தில் மதிப்பு. அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் அக்காலத்தில் ஆங்கிலம் படிக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் மிஷன் பாடசாலைக்குத்தான் போக வேண்டும். மார்க்கம் போய்விடும் என்ற பயத்தில் முஸ்லிம் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலருக்கு வந்த அதே கவலை. நாவலர் செய்தது போலவே இவரும் அச்சையும் பாடசாலையையும் கையில் எடுத்தார். தொழிலைக் கைவிட்டார்.

1882இல் முஸ்லிம் நேசன் என்ற தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த வருடம் ஜனவரியில், எகிப்தில் பிரித்தானியரை எதிர்த்துத் தோற்ற அறபி பாஷா இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டு வந்தார். இருவரும் நண்பர்களானார்கள். 1884இல் கொழும்பில் ஒரு பாடசாலை தொடங்கினார். ஆதரவில்லாமல் அது தளர்ந்தபோதும் அவர் விடவில்லை. 1892இல் மருதானையில் அறபி பாஷாவும் வாப்பிச்சி மரைக்காரும் துணை நிற்க எழுந்த பாடசாலைதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. பாஷா பின்னர் கண்டிக்கே குடிவந்தார். ஹல்லொலுவ வீதியில் அவர் இருந்த வீடு இன்றும் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு விடயம். பெண்பிள்ளைகள் எழுதப் படித்தால் கெட்டுப்போவார்கள் என்று ஊரே சொன்ன காலத்தில் கண்டியில் பெண்களுக்கென்று பாடசாலை திறந்து, தன் சகோதரியையே அதை நடத்த வைத்தார். ஊருக்குப் புத்தி சொன்ன பலர் சொந்த வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. இவர் அங்கிருந்துதான் தொடங்கினார்.

1885இல் அவர் எழுதிய அசன்பேயுடைய கதை, இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல். தமிழகத்தில் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சாகி ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி வர இன்னும் பத்து வருடம் இருந்தது. எகிப்தில் பிறந்து இந்தியாவில் வளரும் ஒரு பையனின் கதையைக் கண்டியில் இருந்த ஒருவர் தமிழில் எழுதினார். இதைத்தான் நான் வகுப்பில் ஒருநாளும் சொல்லவில்லை.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று கட்டுரை வாசித்தார். முஸ்லிம்கள் சட்டசபையில் தனி ஆசனம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. சித்திலெப்பை தன் சமூகத்தின் தனித்துவத்தின் பக்கமே நின்றார். அதையும் தமிழிலேயே எழுதினார். மொழி ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றாக வேண்டும் என்று அடம்பிடித்தவர்கள் நாங்கள். தனியாக நிற்கிறோம் என்றவர்களை 1990 ஒக்ரோபரில் என்ன செய்தோம் என்பதும் எங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம்.

சித்திலெப்பை 1898 பெப்ரவரி 5இல், அறுபது வயது நிறையும் முன்பே காலமானார். 1977இல் அவருக்கு முத்திரை வெளியிட்டார்கள்.

கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் இரண்டு வருடம் இருந்தோம். சாமான்களை வானில் ஏற்றிய அன்றுதான் நானா சொன்னார்: எங்களுக்கு முன்னர் அந்த அறையில் இருந்ததும் யாழ்ப்பாணத்துக் குடும்பம்தான், 1990இல் சோனகத்தெருவில் இருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள். இரண்டு வருடமாக அதை ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை.