கண் சொன்ன காதின் கதை

சுற்றிச் சுற்றி விளையாடிவிட்டுச் சட்டென்று நின்றால் தலை சுற்றும். அப்போது நம் கருவிழிகள் நம் விருப்பமின்றியே ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்து, வெடுக்கென்று திரும்பும். இவ்வசைவு தாளம்போலச் சிறிது நேரம் தொடரும். மருத்துவர்கள் இதனை ‘நிஸ்டாக்மஸ்’ என்பர். சிலருக்கு இது நோயின் அறிகுறியாகவும் தோன்றும். இந்தக் கண்ணசைவுக்கும் காதுக்கும் உள்ள தொடர்பை எளிய சோதனை ஒன்றால் காட்டியவர் ராபர்ட் பாரானி.

பாரானி 1876ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் பிறந்தார். சிறுவயதில் அவரை எலும்புக் காசநோய் தாக்கியது. அதனால் அவரது முழங்கால் விறைத்துப் போனது. அந்நோயே அவருக்கு மருத்துவத்தில் ஆர்வத்தை ஊட்டியது என்பர். 1900ஆம் ஆண்டு வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்பை முடித்தார். பின்னர்க் காது மருத்துவரானார்.

காதைக் கழுவுவதற்காக நீரைப் பீய்ச்சும்போது நோயாளிகள் சிலருக்குத் தலை சுற்றியது. அவர்களின் கருவிழிகள் அசைவதைப் பாரானி கவனித்தார். ஒருநாள் நோயாளி ஒருவர், நீர் குளிர்ந்திருந்தால்தான் தமக்குத் தலை சுற்றுவதாகக் குறைபட்டுக்கொண்டார். பாரானி அதைப் புறந்தள்ளவில்லை. சூடான நீரைக் கொண்டுவரும்படி தாதியிடம் கூறினார். அடுத்த முறை நீர் மிகவும் சூடாக இருந்தது. நோயாளிக்கு மீண்டும் தலை சுற்றியது. ஆனால், இம்முறை கருவிழிகள் எதிர்த்திசையில் அசைந்தன!

நீரின் வெப்பநிலையே இதற்குக் காரணம் என்று பாரானி உணர்ந்தார். உட்செவியில் உள்ள அரைவட்டக் குழாய்களில் திரவம் நிறைந்துள்ளது. சூடுபட்ட திரவம் மேலெழும். குளிர்ந்த திரவம் கீழிறங்கும். திரவம் இவ்வாறு நகரும்போது, தலை சுழல்வதாக மூளை எண்ணிக் கண்களை நகர்த்துகிறது. நீர் உடலின் வெப்பநிலையில் இருந்தால் கண்கள் அசைவதில்லை. சூடான நீருக்கும் குளிர்ந்த நீருக்கும் கண்கள் அசையவில்லையென்றால், உட்செவியிலோ அதன் நரம்பிலோ கோளாறு இருக்கலாம் என்று மருத்துவர் அறியலாம்.

முதல் உலகப் போரின்போது, விறைத்த காலையும் பொருட்படுத்தாமல் பாரானி படையில் மருத்துவராகத் தொண்டாற்றினார். 1915ஆம் ஆண்டு ரஷ்யப் படையினரிடம் சிறைப்பட்டார். போர்க்கைதியாக இருந்தபோதுதான், 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்த செய்தி எட்டியது. சுவீடன் இளவரசர் கார்ல், செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பில் எடுத்த முயற்சியால் 1916ஆம் ஆண்டு விடுதலையானார். அதே ஆண்டில் பரிசையும் நேரில் பெற்றுக்கொண்டார். பின்னர்ச் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1936ஆம் ஆண்டு மறைந்தார்.

ஒரு நோயாளியின் குறையைச் செவிமடுத்ததால் பிறந்த அச்சோதனை, நூறாண்டுகள் கடந்தும் மருத்துவமனைகளில் இன்றும் செய்யப்படுகிறது.