செத்த காலேஜ் அதிகாரி கட்டிய உயிர்க் கடல்

அந்தக் காலத்துச் சென்னையில் இரண்டு காலேஜ்கள் மிகவும் பெயர் பெற்றவை. இரண்டிலும் பாடம் கிடையாது. பரீட்சை கிடையாது. ஒன்று உயிர் காலேஜ். அதுதான் மிருகக்காட்சிசாலை. மற்றொன்று செத்த காலேஜ். அதுதான் எழும்பூர் மியூசியம்.

உயிர் காலேஜ் 1985-ல் தாம்பரத்தைத் தாண்டி வண்டலூருக்கு வந்துவிட்டது. செத்த காலேஜ் எழும்பூரிலேயே இருக்கிறது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கிப் பார்த்துவிட்டு வரலாம்.

அந்தச் செத்த காலேஜை 20 ஆண்டுகளுக்கு மேல் ஆண்டவர் ஒரு வெள்ளைக்காரர். பெயர் எட்கார் தர்ஸ்டன். செத்த பொருள்களைச் சேர்த்து வைப்பதுதான் அவருடைய உத்தியோகம். ஆனால் கடலை உயிரோடு பட்டணத்து மக்களுக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை வந்தது.

டாக்டர் வேலையை விட்டவர்

தர்ஸ்டன் 1855-ல் லண்டனில் பிறந்தார். டாக்டருக்குப் படித்தார். சில காலம் மனநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தார். ஊசியும் மருந்தும் அவர் மனத்தைப் பிடித்து வைக்கவில்லை. ஒரு கல்லூரியின் காட்சிசாலையைக் கவனிக்கும் வேலைக்குப் போனார். அங்கிருந்து 1885-ல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 30. எழும்பூர் மியூசியத்தின் தலைமை அதிகாரி ஆனார்.

வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. தூத்துக்குடிக்குப் போனார். பாம்பனுக்குப் போனார். ராமேசுவரம் தீவின் கரைகளில் அலைந்தார். முத்துக் குளிப்பையும் சங்கு குளிப்பையும் பற்றி எழுதி, 1890-ல் நூலாக வெளியிட்டார்.

மன்னார் வளைகுடாவில் அவர் கண்ட பெரிய அதிசயம் பவளப் பாறை.

பவளம் என்றால் மாலையில் கோக்கும் சிவப்பு மணிதான் நம் நினைவுக்கு வரும். இது வேறு. பார்த்தால் கல். ஆனால் கல் அல்ல. அது ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடு. ஒவ்வொரு உயிரும் கடல்நீரில் உள்ள சுண்ணாம்பை எடுத்துத் தனக்கு ஓர் அறை கட்டிக்கொள்கிறது. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது. அதில் பெரும் பங்கைப் பவளத்துக்கு வாடகையாகக் கொடுக்கிறது. பவளத்தின் நிறத்துக்கும் பெரும்பாலும் அந்தப் பாசிதான் காரணம்.

அதை வெளியே எடுத்தால் உயிர் போகும். நிறமும் போகும். மிஞ்சுவது வெள்ளை எலும்பு. தர்ஸ்டன் அந்த எலும்புகளைச் சேகரித்து, ஆராய்ச்சிக்காகச் சீமைக்கும் அனுப்பினார்.

பயந்து போன பெண்கள்

பிறகு அவர் கவனம் மனிதர்கள் பக்கம் திரும்பியது. ஊர் ஊராகப் போய், மலை மலையாக ஏறி, பல சாதி மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். அளவை வைத்து மனித இனத்தைப் பிரித்துவிடலாம் என்று அக்காலத்தவர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை தவறு என்று விஞ்ஞானம் பின்னால் ஒதுக்கித் தள்ளிவிட்டது. அளக்கப்பட்டவர்களுக்கு அது எவ்வளவு சங்கடம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு முறை பணியர் என்ற மலைசாதிப் பெண்கள் துரையைக் கண்டு நடுங்கினார்கள். தங்களில் லட்சணமானவர்களைப் பிடித்துப்போய், பஞ்சடைத்து, சென்னை மியூசியத்தில் நிறுத்தி வைக்கப் போகிறார் என்று பயந்தார்களாம்! இதைத் தர்ஸ்டனே எழுதி வைத்திருக்கிறார். செத்த காலேஜின் பெயர் மலை வரைக்கும் போயிருந்தது.

கடலைக் குடிவைப்பது

கடல் உயிர்களை உயிரோடு வைத்துக் காட்ட, மெரினா கடற்கரையில் ஒரு மீன் காட்சிசாலைக்கு அவர் திட்டம் வரைந்து கொடுத்தார். கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, ஒரு குடம் மொண்டு ஊற்றினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மொண்டு வைத்த கடல் சீக்கிரம் கெட்டுப் போகும்.

இந்தப் பாடத்தை முதலில் கற்றவர்களில் ஒருவர் ஆனா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. பாதிரியாரின் மனைவி. 1846-ல் கடற்கரை ஊர் ஒன்றில் உயிருள்ள பவளங்களைக் கண்டார். வழியில் ஆடி அசைந்து அடிபடக் கூடாதே என்று, ஊசி நூலால் அவற்றை ஒரு கடற்பஞ்சில் தைத்தார். ஜாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுபோனார்.

அங்கே நீர் கெடத் தொடங்கியது. உடனே வேலைக்காரப் பெண்ணை அழைத்தார். திறந்த ஜன்னல் ஓரம் நின்று, கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றச் சொன்னார். நம் வீட்டில் காப்பி ஆற்றுவது போலத்தான்! தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் இது நடந்தது. காற்று கலந்தது. பவளம் பிழைத்தது. பிறகு அவர் கடற்பாசியையும் தொட்டியில் விட்டார். பாசி நீரைச் சரியாக வைத்துக்கொண்டது. பவளங்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வாழ்ந்தன.

இன்று தாம்பரம், குரோம்பேட்டை பக்கத்தில் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்தாலும் அதே சங்கதிதான். காப்பி ஆற்றிய பெண்ணின் வேலையை இன்று அலை எழுப்பும் மோட்டார் செய்கிறது. ஆனால் மோட்டாரால் ஆகாத வேலை ஒன்று உண்டு. அது காத்திருப்பது.

புதுத் தொட்டி பார்க்கப் பளிச்சென்று இருக்கும். பவளத்துக்கு அதுதான் எமன். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. அதைத் தின்று மாற்றும் நல்ல கிருமிகள் கல்லிலும் மணலிலும் குடியேற நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகும். அதுவரை தொட்டிக்குக் கல்லும் மணலும் மட்டும் போதும். பிறகு இரண்டொரு மீன். நீர் நிலைத்த பிறகுதான் பவளம். அவசரப்பட்டு முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் போடுகிறவர் வீட்டில், அடுத்த வாரம் வெள்ளை எலும்புதான் இருக்கும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். புறநகர்க் கிணறுகள் பலவற்றில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். ஆகவே சுத்திகரித்த நீரில், இதற்கென்று விற்கும் கடல் உப்பைக் கரைக்க வேண்டும். கிலோ நீருக்கு 35 கிராம் உப்பு என்பது கடலின் கணக்கு. நீர் வற்றினால் நல்ல தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். ஆவியாகப் போவது தண்ணீர்தான், உப்பு போவதில்லை. இதை மறந்து உப்புநீரையே ஊற்றிக்கொண்டு வந்தால் தொட்டி ஊறுகாய் ஜாடி ஆகிவிடும்!

வெப்பம் 24 முதல் 27 டிகிரி இருப்பது நல்லது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தொட்டி நீர் 30-ஐத் தாண்டிவிடும். சூடு நீடித்தால் பவளம் தன் பாசியை வெளியே துரத்திவிடும். பவளம் வெளுக்கும். பிறகு பட்டினி. மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடாகிப் பவளம் வெளுத்தது. ஆகவே தொட்டி நீரைக் குளிர்விக்கக் கருவி வேண்டும். செலவு கொஞ்சமல்ல.

இன்னொன்று. பாறை கட்டும் நம் கடற்பவளத்தை 2001 முதல் வனவிலங்குச் சட்டம், புலிக்குக் கொடுத்த அதே உயர்ந்த பட்டியலில் சேர்த்துக் காக்கிறது. அதைக் கடலில் உடைத்து எடுப்பது குற்றம். விற்பதும் குற்றம். தர்ஸ்டன் காலத்தில் அந்தத் தடை இல்லை. பவளப் பாறையை வெட்டி வீடு கட்டினார்கள். சுண்ணாம்புக் காளவாயில் போட்டுச் சுட்டார்கள்.

திறந்தபோது அதிகாரி இல்லை

மெரினா மீன் காட்சிசாலை 1909-ல் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் கடல் மீன் காட்சிசாலை அதுதான் என்பார்கள். திட்டம் போட்ட தர்ஸ்டனோ 1908-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி, உதவியாளர் ரங்காச்சாரியோடு அவர் எழுதிய ஏழு பெரிய புத்தகங்களும் அதே 1909-ல் வெளிவந்தன.

அவருக்குப் பின் மியூசியத்தை நடத்தியவர் டாக்டர் ஹெண்டர்சன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். ஜார்ஜ் டவுனில் இருந்த அந்தக் கல்லூரிதான் 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது. ஹெண்டர்சன் நண்டு ஆராய்ச்சியில் கெட்டிக்காரர். தர்ஸ்டன் ராமேசுவரத்தில் பிடித்த நண்டுகளை ஆராய்ந்து எழுதியவரும் இவரே. ஆகவே தொட்டிகள் பொருத்தமான கைக்குத்தான் போயின. 1919-ல் காட்சிசாலை மீன்துறையின் வசம் ஆனது. இரண்டாம் உலகப் போர் வந்தது. காட்சிசாலையை மூடிவிட்டார்கள்.

தர்ஸ்டன் சீமையில் பென்சான்ஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போனார். முதுமையில் மரம் செடிகளை ஆராய்ந்து புத்தகம் எழுதினார். 1935-ல் காலமானார். வயது 80.

1908-ல் ஒரு விஞ்ஞானி, இரண்டு கொம்பு முளைத்தது போன்ற தலையுடைய ஒரு திருக்கை மீனுக்குத் தர்ஸ்டன் பெயரை வைத்தார். எந்த வீட்டுத் தொட்டியிலும் அடங்காத பெரிய மீன். நம் கடலிலும் அது திரிகிறது.