எண்ணேடு காத்த ஜான் போஸ்டல்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆலையொன்றிற் பணிபுரியும் என் சிறிய தந்தையார் சென்ற ஆண்டு மிக்க மனவருத்தத்துடன் இருந்தார். ஆலையினின்று விடுத்த மின்னஞ்சல்கள் மூன்று வாரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தனவாம். ஆலைக்குக் கிடைத்த இணைய எண்ணை முன்பு வைத்திருந்த எவரோ அதனைக்கொண்டு வீண் அஞ்சல்களைப் பரப்பியிருந்தனர். அவ்வெண் யாருடையது என்று காட்டும் பதிவேட்டிலோ, மூடப்பட்ட நிறுவனமொன்றின் பெயரும் ஒலிக்காத தொலைபேசி எண்ணுமே காணப்பட்டன. அப்பதிவேடு எங்ஙனம் தோன்றிற்று என்று ஆராயப் புகுந்தபோதே ஜான் போஸ்டல் என்னும் பெரியாரின் வரலாறு எனக்குத் தெரியவந்தது.

இவர் 1943ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திற் பிறந்தார். லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1974இல் டாக்டர் பட்டம் பெற்றார். இணையத்திற்கு முன்னோடியாகிய ஆர்பாநெட் 1969இல் அங்கே தொடங்கியபோது இவர் மாணவர். எந்த எண் எதற்குரியது எனக் குறித்துவைக்கும் வேலையைத் தாமே ஏற்றுக்கொண்டார். புதியன காண்பதை விரும்பும் இளைஞர் கூட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலையை நாடுவார் யார்? நீண்ட தாடியும் செருப்பணிந்த காலுமாய் உலவிய இவரோ, ஏறத்தாழ முப்பதாண்டு அதனைக் கைவிட்டாரில்லை.

1981இல் இவர் பதிப்பித்த இணைய நெறிமுறையின்படி அமைந்த எண்கள் சுமார் 429 கோடி. வழங்கிய எண்களின் பட்டியலை ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் அம்மையாருடன் அடிக்கடி திருத்தி வெளியிட்டார். புதுப் பட்டியல் வந்ததும் பழையது செல்லாததாயிற்று. பழுது நேர்ந்தால் உரியவரை உடனே அழைத்தல் வேண்டுமன்றோ? இதற்கு உதவும் பொருட்டு, பெயரைக் கொடுத்தால் முகவரியும் தொலைபேசியும் காட்டும் ‘ஹூ இஸ்’ என்னும் முறையை 1982இல் வேறிருவர் வகுத்தளித்தனர்.

நாடுகளுக்குரிய இணையப் பெயர்களைக் காப்போர் அவற்றின் உடைமையாளரல்லர், தருமகர்த்தாக்களே என்பது 1994இல் போஸ்டல் எழுதிய கொள்கை. அவர் வாழ்வு முழுவதையும் அவ்வொரு சொல்லில் அடக்கலாம் என்பது என் துணிபு.

ஆயினும், 1998 ஜனவரியில் அவர் செய்ததொன்று எனக்கு உடன்பாடன்று. தலைமைப் பெயரேட்டைத் தாங்கிய கணிப்பொறிகளுள் எட்டினை நடத்தியோரிடம், இனித் தம் பொறியினின்றே ஏட்டைப் பெறுமாறு கேட்டுக்கொண்டார். அவர்களும் அவ்வாறே செய்தனர்! அமெரிக்க அரசாங்கம் வெகுண்டபின் பழைய நிலை மீண்டது. ஒருவர் சொல்லுக்கு அத்துணை மதிப்பிருந்தமை அவர்க்குப் பெருமையே. உலகத்தின் ஏட்டிற்கு அஃது ஆபத்து.

அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் நாள், இதய சிகிச்சைக்குப் பின் நேர்ந்த கோளாறுகளால், 55ஆம் வயதில் அவர் காலமானார். அவர் பணி, அப்பொழுதுதான் தோன்றியிருந்த ஐகான் என்னும் அமைப்பைச் சேர்ந்தது. எண்களைப் பகிர்ந்தளிக்க ஒவ்வொரு கண்டப்பகுதிக்கும் ஒரு பதிவகம் உண்டு. இந்தியாவிற்கெனத் தனிப் பதிவகம் 2012 முதல் இயங்கி வருகின்றது. ஆனால் எண் பெற்றவர் இடம் மாறினாலும் தொழிலை மூடினாலும் அவரே தெரிவித்தாலன்றி ஏடு தானே அறியமாட்டாது.

சிறிய தந்தையாரின் ஆலை இறுதியில் வேறோர் எண்ணைப் பெற்றுக்கொண்டது. பழைய எண்ணை நேற்றும் தேடிப் பார்த்தேன். மூடிய நிறுவனத்தின் பெயரே அங்கு நிற்கின்றது.