அம்ரிதா சேர்கில்

வண்ணப் பொடியை ஆளிவிதை எண்ணெயிற் குழைத்துத் திரைச்சீலையில் தீட்டும் முறை ஐரோப்பாவில் வளர்ந்தது. எண்ணெய் மெல்லவே உலருமாதலின், ஓவியர் ஒளியையும் நிழலையும் சிறிது சிறிதாக இழைத்து, மேனியின் தோற்றத்தை உள்ளவாறே காட்ட இயலும். இம்முறையால் நம் நாட்டிற் பெரும்புகழ் எய்திய இரவிவர்மா 1906-இல் மறைந்தார். அவருக்குப்பின் அதே வண்ணத்தைக் கொண்டு வேறொரு நெறி கண்டவர் அம்ரிதா சேர்கில் என்னும் பெண்மணியார்.

இவர் 1913-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30-ஆம் நாள் அங்கேரி நாட்டுப் புடாபெஸ்டு நகரிற் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங், வடமொழியும் பாரசீகமும் கற்ற பஞ்சாபிப் பெருமகனார். தாயார் அங்கேரி நாட்டு இசைவாணி. 1921-இல் குடும்பத்தார் சிம்லாவிற் குடியேறினர். பியானோ வாசிப்பதிலும் நாடகம் நடிப்பதிலும் சிறுமி அம்ரிதா தேர்ச்சி பெற்றார். எனினும் அவர்தம் உள்ளம் பற்றியது தூரிகையையே.

பதினாறாம் வயதில் பாரிசு சென்று ஓவியப் பள்ளியிற் பயின்றார். தம் தங்கை இந்திராவையும் தோழி ஒருத்தியையும் முன்னிருத்தி 1932-இல் அவர் எழுதிய ‘இளம் பெண்கள்’ என்னும் படம், பாரிசின் பெருங்கண்காட்சியில் தங்கப்பதக்கம் பெற்றது. அங்கேயே தங்கியிருப்பின் பொருளும் புகழும் தாமே வந்து சேர்ந்திருக்கும். அவரோ 1934-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா திரும்பிவிட்டார். இந்திய மக்களை எழுதுவதே தம் தொழில் எனத் துணிந்தார்.

மறு ஆண்டு அவர் எழுதியது ‘மூன்று பெண்கள்’ என்னும் தைலவண்ண ஓவியம். சிவப்பும் பச்சையுமாகிய ஆடை உடுத்த மகளிர் மூவர் அருகருகே அமர்ந்துள்ளனர். ஒருவரையொருவர் நோக்குகின்றிலர், நம்மையும் நோக்குகின்றிலர். தாழ்ந்த விழிகளுடன், தம் கையில் இல்லாத ஒரு வாழ்வை எதிர்நோக்கியிருப்பார் போல வாளா இருக்கின்றனர். பின்னே மாடமில்லை, மரமில்லை. காண்போர் கண் அம்முகங்களை விட்டு அகல வழியே இல்லை. இரவிவர்மாவின் பட்டும் பொன்னும் இங்குக் காணப்படா. இப்படத்திற்குப் பம்பாய்க் கலைக்கழகம் 1937-இல் தங்கப்பதக்கம் அளித்தது.

1935-இல் சிம்லாக் கலைக்கழகம் அவருடைய படங்களுட் சிலவற்றைத் தள்ளிவிட்டு, ஒன்றற்கு மட்டும் பரிசு வழங்கியது. அவர் பரிசைத் திருப்பி அனுப்பிவிட்டார். இதனைச் செருக்கு என்பாரும் உளர். யான் அங்ஙனம் கருதேன். விலை போகாத படங்களை வைத்துக்கொண்டு பரிசை மறுப்பது எளிதன்று.

1936-ஆம் ஆண்டின் இறுதியில் அசந்தாக் குகைகளைக் கண்டார். பின் தெற்கே வந்து, கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களைக் கண்டு வியந்தார், குமரிமுனையும் சென்றார். சுவரோவியத்தில் நிழல் குறைவு. கோடும் வண்ணப் பரப்புமே உருவைத் தாங்கி நிற்கும். காஞ்சிக் கைலாசநாதர் கோயிற் சுவரில் எஞ்சியுள்ள பல்லவர்கால ஓவியத்தை உற்று நோக்கும் மாணவர் இதனை எளிதில் உணர்வர். அவ்வியல்பைத் தைலவண்ணத்திற் கொணர முயன்றதன் பயனே, 1937-இல் தோன்றிய ‘மணமகள் ஒப்பனை’, ‘பிரமசாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியச் சிற்றூரார்’ என்னும் மூன்று படங்கள். பாரிசிற் பரிசு பெற்ற கை, மீண்டும் மாணவர் கையாகிப் பயின்றது.

1938-இல் அங்கேரிய மருத்துவராகிய தம் உறவினர் விக்டர் ஏகானை மணந்து, கோரக்பூர் அருகே சராயா என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். 1941-இல் இருவரும் இலாகூர் சென்றனர். அங்குக் கண்காட்சி ஒன்றிற்கு ஏற்பாடு நடந்துகொண்டிருக்கையில் திடீரென நோயுற்று, திசம்பர் 5-ஆம் நாள் தம் இருபத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

இந்திய அரசு பிற்காலத்தில் அவர்தம் ஓவியங்களை நாட்டின் கலைச்செல்வமாக அறிவித்தது. அவற்றுட் பல புதுதில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் உள்ளன. இறுதியாக அவர் தொட்ட படமும் அங்கே இருக்கிறது. இலாகூர் வீட்டினின்று கண்ட கூரைகளும் கரிய எருமைகளும் அதில் உள்ளன. பாதி எழுதப்பட்டு நிற்கிறது.