மலையைக் கண்டு சொன்ன பிரமதநாத் போஸ்

ஆண்டு விழா மலரில் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதுவது நம் சங்கத்தில் வழக்கமாக இருந்து வருகிறது. கவிஞர்களையும் அடியார்களையும் தேசத் தலைவர்களையும் பற்றி அன்பர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பெரியார் தமிழர் அல்லர். தமிழ்நாட்டுடன் தொடர்பு கொண்டவரும் அல்லர். ஆயினும் இந்த ஜாம்ஷெட்பூரில் நாம் உண்ணும் சோற்றில் அவருக்கு ஒரு பங்கு உண்டு.

இந்நகரம் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நம் ரயில் நிலையமும் அக்குடும்பத்தின் பெயரையே தாங்குகிறது. அது முற்றிலும் தகும். ஆனால் ஆலை வைக்க விரும்பியவருக்குத் தாது இன்ன மலையில் இருக்கிறது என்று எழுதித் தெரிவித்தவர் ஒருவர் உண்டல்லவா? அவர்தாம் பிரமதநாத் போஸ். அவர் பெயரை நம் பிள்ளைகளில் பலர் அறியமாட்டார்கள் என்பதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

போஸ் 1855ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள் வங்காளத்தில் கோபர்தாங்காவை அடுத்த கைப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். கிருஷ்ணநகரிலும் பின்னர் கல்கத்தாவிலும் கல்வி பயின்றார். 1874இல் கில்கிறிஸ்ட் உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்து சென்றார். லண்டன் சர்வகலாசாலையில் விஞ்ஞானப் பட்டமும், அங்குள்ள அரசாங்கச் சுரங்கப் பள்ளியில் தேர்ச்சியும் பெற்றுத் திரும்பிய அவர், 1880இல் இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையில் அதிகாரியாகச் சேர்ந்தார். வெள்ளையர்களே நிறைந்திருந்த அத்துறையில் இந்தியர் ஒருவர் அத்தகைய பதவியில் அமர்ந்தது அதுவே முதல் முறை.

மண்ணியல் அதிகாரியின் வேலை மேஜைக்கு முன் நடப்பதன்று. மழைக்காலம் கழிந்ததும் கூடாரம், சம்மட்டி, திசைகாட்டி ஆகியவற்றுடன் காட்டுக்குள் புக வேண்டும். ஓடைப் படுகையில் கிடக்கும் கூழாங்கற்களை எடுத்துப் பார்க்க வேண்டும். இரும்புத் தாது கையில் எடுத்தவுடன் கனம் காட்டும். மெருகிடாத பீங்கான் ஓட்டில் தேய்த்தால், ஹெமடைட் என்னும் உயர்ந்த தாது குங்குமம் போன்ற சிவந்த கோடு இழுக்கும். அத்தகைய கல் ஓடையில் கிடந்தால், ஓடையின் மேற்புறத்தில் அதைப் பெற்ற தாய்மலை இருந்தாக வேண்டும். அம்மலையை நாடி ஏறிப் பாறையின் கிடை, சாய்வு, அகலம் யாவற்றையும் குறித்துக்கொண்டு வரைபடத்தில் வண்ணமிட வேண்டும்.

இன்னொரு வழிகாட்டியும் உண்டு. மத்திய இந்தியக் காடுகளில் அகரியா முதலிய மலைவாசிகள் தலைமுறை தலைமுறையாகக் களிமண் உலை கட்டி, மரக்கரி இட்டு, காலால் துருத்தி மிதித்து இரும்பு காய்ச்சி வந்தார்கள். அவர்கள் கொட்டிய கசடு எங்கே குவிந்து கிடக்கிறதோ, அதற்கு அருகே தாதும் இருக்கும். படித்த மண்ணியலாருக்கும் படியாத அக்கொல்லர்கள் முன்னோடிகளே ஆவர்.

போஸ் அன்றைய ராய்ப்பூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் சுற்றி, அங்கு நடந்த இரும்புத் தொழிலையும் தாதுவையும் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அது 1887இல் துறையின் வெளியீட்டில் அச்சாயிற்று. தல்லி, ராஜ்ஹரா என்னும் குன்றுகளின் இரும்புச் செல்வம் அதனால் ஏட்டில் ஏறியது. ஏறியதோடு சரி, நெடுங்காலம் அதை எவரும் எடுத்துப் பார்க்கவில்லை.

இருபத்து மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1903இல் துறையின் தலைமைப் பதவி காலியாயிற்று. தம்மைவிடப் பத்தாண்டு பிந்திப் பணியில் சேர்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் ஆங்கிலேயர் அப்பதவிக்கு உயர்த்தப்பட்டதைப் போஸ் கண்டார். உத்தியோகத்தில் இருப்பவர்களுக்கு இதன் வேதனையை விளக்க வேண்டியதில்லை. இளையவர் மேலே அமர, மூத்தவர் கீழே நின்று கோப்புகளை நீட்டும் நிலை எந்த ஆபீஸிலும் கசப்பானதே. நம்மில் பெரும்பாலோர் குடும்பத்தை எண்ணி அதை விழுங்கிவிடுகிறோம். போஸ் விழுங்கவில்லை, கூச்சலும் இடவில்லை. தமது நாற்பத்தெட்டாம் வயதில் வேலையை விட்டு விலகினார்.

விலகியவர் ஓய்ந்து போகவில்லை. மயூர்பஞ்ச் சமஸ்தானத்து மகாராஜா ஸ்ரீராம சந்திர பஞ்ச் தேவ் தம் நாட்டின் கனிவளத்தை ஆராய அவரை அழைத்தார். காடும் மலையும் நிறைந்த அந்நாட்டில், இன்று ஒடிசாவின் வடகோடியில் உள்ள கோருமஹிசானி மலையில், மிக உயர்ந்த இரும்புத் தாது பெருமளவில் இருப்பதைப் போஸ் கண்டறிந்தார். கண்டதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், 1904 பிப்ரவரி 24ஆம் நாள் ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்குக் கடிதம் எழுதினார். மலையில் தாது மிகுதியாக இருப்பதும், ஜரியாவின் நிலக்கரி எட்டும் தூரத்தில் கிடைப்பதும் அதில் தெரிவிக்கப்பட்டன.

ஆனால் ஜாம்ஷெட்ஜி அவ்வாண்டு மே 19ஆம் நாள் ஜெர்மனியில் காலமாகிவிட்டார். பொறுப்பு மூத்த மகன் தோராப்ஜியின் தோளில் விழுந்தது. முதலில் சாந்தா மாவட்டத்தில் தேடிப் பார்த்து மனம் சோர்ந்திருந்த தோராப்ஜி, நாகபுரிப் பொருட்காட்சிச் சாலையில் ஒரு மண்ணியல் வரைபடத்தைக் கண்டு தல்லி, ராஜ்ஹராக் குன்றுகளைப் பற்றி அறிந்தார். அமெரிக்க நிபுணர் வெல்ட் அங்கே சென்று ஆராய்ந்தார். அதற்குத் துணையானது போஸின் பழைய அறிக்கையே. தாது சிறந்தது, ஆனால் நிலக்கரி தொலைவில் இருந்தது. கோருமஹிசானியோ தாதுவும் கரியும் ஒன்றையொன்று எட்டும் இடம். ஆகவே முடிவில் போஸின் கடிதமே வென்றது. ஒருவர் அறிக்கையை விட்டு வேறிடம் சென்றாலும், அங்கும் அவரே வழிகாட்டி நின்றார் என்றால் அவர் உழைப்பின் அளவை நாம் உணரலாம்.

1907 ஆகஸ்டு 26ஆம் நாள் டாட்டா இரும்பு உருக்குக் கம்பெனி பதிவாயிற்று. சுவர்ணரேகையும் கர்க்காயும் கூடும் இடத்தருகே, சாக்சி என்னும் சிற்றூரில் ஆலை எழுந்தது. கோருமஹிசானிக்கு ரயில் பாதை இட்டார்கள். மலையைப் படிப்படியாக வெட்டிப் பாறையை உடைத்தார்கள். சந்தால், ஹோ இனத்து ஆண்களும் பெண்களும் கூடை கூடையாகத் தாதைச் சுமந்தார்கள். எவருடைய காட்டில் அம்மலை நின்றதோ, அவர்களுடைய தலைச்சுமையிலேயே அது வாகன்களுக்கு இறங்கி வந்தது. இதையும் மறவாமல் எழுதி வைப்பது நம் கடமை.

வாகனில் வந்த கல் எப்படி இரும்பாகிறது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. தாதில் இரும்பு தனித்து இல்லை; பிராணவாயுவுடன் பிணைந்து கிடக்கிறது. ஊதுலையின் வாய் வழியே தாது, நிலக்கரியைச் சுட்டெடுத்த கல்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றையும் அடுக்கடுக்காகக் கொட்டுகிறார்கள். கீழிருந்து சுடுகாற்றைச் செலுத்துகிறார்கள். கல்கரி எரிந்து பிராணவாயுவைப் பிரித்துக்கொள்கிறது. சுண்ணாம்பு, தாதோடு வந்த மண்ணையும் மணலையும் சேர்த்துக் கசடாக்கி மிதக்க விடுகிறது. கனத்த இரும்பு அடியில் உருகித் தேங்குகிறது. அதில் மிஞ்சிய கரியையும் மாசுகளையும் வேறோர் உலையில் போக்கினால் உருக்கு கிடைக்கிறது. நூற்றுக்கு அறுபது பங்கு இரும்புள்ள தாதாயினும், ஒரு டன் இரும்புக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் தாது வேண்டும். எனவேதான் ரயில் பாதையின்றி உருக்காலை இல்லை.

1911 டிசம்பரில் சாக்சியில் முதல் இரும்பு உருகி ஓடியது. 1912 பிப்ரவரியில் முதல் உருக்கு வார்க்கப்பட்டது. 1919இல் சாக்சி ஜாம்ஷெட்பூர் ஆயிற்று. காளிமாட்டி நிலையம் டாட்டாநகர் ஆயிற்று. கோருமஹிசானியோடு பாதாம்பஹார், சுலைபாட் மலைகளும் தாது தந்தன. 1925 முதல் நோவாமுண்டியும் சேர்ந்துகொண்டது. போஸ் ஏட்டில் எழுதிய தல்லி, ராஜ்ஹராவோ மேலும் காத்திருந்தது. 1959 பிப்ரவரி 4ஆம் நாள் பிலாய் ஆலையின் முதல் ஊதுலை திறக்கப்பட்டபோதுதான் அதன் வேளை வந்தது. அறிக்கை அச்சேறி எழுபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுதியவர் அப்போது உயிருடன் இல்லை.

போஸின் வாழ்வு மலைகளோடு முடிந்ததன்று. 1906இல் கல்கத்தாவில் சுதேசி உணர்ச்சியால் தோன்றிய வங்காளத் தொழிற்கல்விக் கழகத்துக்கு அவர் ஊதியம் பெறாத முதல்வராக இருந்தார். அக்கழகமே வளர்ந்து 1955இல் யாதவபூர் பல்கலைக்கழகம் ஆயிற்று. பிற்காலத்தில் ராஞ்சியில் குடியமர்ந்து நூல்கள் இயற்றினார். அவற்றில் வியப்பான ஒன்றைக் காண்கிறோம். மேனாட்டு இயந்திர நாகரிகத்தைக் கண்மூடிப் பின்பற்றுவது இந்தியாவுக்கு நன்மை தராது என்று அவர் எச்சரித்தார். ஆலைக்கு மலையைக் காட்டியவரே ஆலை நாகரிகத்தை ஐயுற்றார். இதை முரண்பாடு என்று சிலர் கூறலாம். தாம் தேடித் தந்த பொருளின் பயனையும் கேட்டையும் ஒருங்கே எண்ணிப் பார்த்த நேர்மை என்றே நாம் கொள்கிறோம். 1934 ஏப்ரலில் அவர் ராஞ்சியில் காலமானார்.

தலைமைப் பதவி கிட்டாத அந்த அதிகாரியின் வாழ்வில் நாம் கற்பது ஒன்றே. பதவி பிறர் கையில் இருக்கிறது; எழுதும் குறிப்பைச் செம்மையாக எழுதுவது நம் கையில் இருக்கிறது. 1887இல் அவர் அக்கறையின்றி எழுதியிருந்தால், பின்னால் வந்தவர்களுக்கு அவ்வறிக்கை பயன்பட்டிராது. பேரேடும் வாகன் புத்தகமும் எழுதுகின்ற நம் போன்றோருக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறில்லை. யாரும் பார்க்கவில்லையே என்று ஓர் இலக்கத்தையும் பிழைபட எழுதலாகாது. என்றேனும் ஒருவர் பார்ப்பார்.

பாதாம்பஹார் பாதையில் செல்லும்போது, சிவந்த மண் கலந்த குன்றுகள் தோன்றினால், அன்பர்கள் தம் பிள்ளைகளுக்கு இப்பெரியாரின் பெயரைச் சொல்லிக் காட்ட வேண்டுகிறோம். நம்மை வாழவைக்கும் ஊருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றிகளில் அதுவும் ஒன்றாகும்.